கூட்டல் குறியை யார் சந்தேகப்படுவார்?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பால் கெட்டிருக்கும் என்று தோன்றியது. மோந்து பார்த்தேன். கெடவில்லை. இருந்தாலும் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல பாலை ஏன் கொட்டுற?"

"நல்ல பால்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே மோந்து பார்த்த!"

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆபீசில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். என் முதுகுக்கும் காது உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. கிரேன் தூக்குகிற பாரத்தை அளந்து சொல்லும் கருவிக்கு நிரல் எழுதுகிற கம்பெனி. எழுதுவது மற்றவர்கள். எழுதியதைச் சோதிப்பது நான். சோதிக்கிறவள் சந்தேகப்படாமல் தாலாட்டா பாடுவாள்?

மாலையில் ஆபீசில் இருக்கும்போதே அக்காவிடமிருந்து போன். அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று முதலில் புரியவில்லை. அத்தான் ஓட்டுகிற கிரேன் சாய்ந்துவிட்டதாம். நீளமான இரும்புக் குழாய். பெரிய கொக்கி, சின்னக் கொக்கி இரண்டிலும் மாட்டித் தூக்கியிருக்கிறார். முன்பக்கமாக வண்டியே குப்புறக் கவிழப் பார்த்து, குழாய் நழுவி, கீழே நின்ற லாரியின் மேல் விழுந்திருக்கிறது. லாரிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"அது கத்தவே இல்லடி. கத்தியிருந்தா இறக்கி வச்சிருப்பேன்னு அவர் தலையில அடிச்சுக்கறார்."

அந்தக் கிரேனில் இருப்பது எங்கள் கருவி. பாரம் மிஞ்சினால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்கிறார் அத்தான். நீதான் அதன் வாயை அடைத்திருப்பாய் என்கிறார்கள் அவர் வேலை பார்க்கிற யார்டில். வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனவனை எந்த யார்டும் கிரேனில் ஏற்றாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

"நீ அங்கதானே வேலை பாக்கற? என்னன்னு பாருடி."

பார்க்கிறேன் என்றேன். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். மனிதரா, மிஷினா?

மார்ச் 5, புதன்

எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு வரும்.

இரண்டு கொக்கிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. நான் சேர்வதற்கு முன்பே எழுதியது. ஒரு கொக்கியில் அறுபது, இன்னொன்றில் ஐம்பத்தைந்து. கிரேன் தாங்கும் அளவை நூறு என்று வைத்திருக்கிறார்கள். கூட்டினால் நூற்றுப் பதினைந்து. அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கிறது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் அடித்தது.

மேனேஜர் வந்தார். எப்போதும் சிரித்த முகம். சிரிக்கிறவரை நான் நம்புவதில்லை. "நம்ம பக்கம் க்ளீன்தானே?" என்றார். க்ளீன் என்றேன். "அப்ப ஆபரேட்டர் தலையிலதான் விடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆபரேட்டர் என் அத்தான் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

அத்தானைப் பற்றி ஒரு கதை உண்டு. அக்காதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பழைய யார்டில், பழைய கிரேனில், சும்மா சும்மா கத்துகிறதென்று அலாரத்தின் வாயில் துணியைச் சுருட்டி அடைத்தாராம். "வீட்லயும் ஒன்னு கத்துது, அதுக்கு எந்தத் துணின்னு கேட்டார்டி!" அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தாடி சார் திரையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் மூடினார்.

எங்கள் குழுவில் மூத்தவர் அவர்தான். கருவியின் அடிப்படை நிரலில் பாதி அவர் கை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "என்ன சார், எதாவது பிரச்சனையா?" என்றேன். "இல்ல." அவ்வளவுதான்.

எதற்கு மூடினார்? மடியில் கனமில்லாதவன் எதற்கு மூட வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டேன்.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அத்தான் சவரம் செய்யாமல், நேரம் கெட்ட நேரத்தில் வீட்டில் இருக்கிற மனிதருக்கு வரும் ஒரு மாதிரி முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மகள்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் இல்லை என்றால் ஏதோ செத்துவிட்டது என்று அர்த்தம்.

அவரே ஆரம்பித்தார். "உங்க ஆபீஸ்ல என்னம்மா சொல்றாங்க?"

"எல்லாம் சரியா இருக்குங்கறாங்க அத்தான். நானும் ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு கொக்கிக்கும் அடிக்குது."

"எனக்கு அடிக்கலயே."

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே!

"அத்தான், கோச்சுக்காதீங்க. பழைய கிரேன்ல பண்ண மாதிரி… துணி கிணி எதாவது…"

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார், சட்டையை மாட்டினார், வெளியே போனார். பாதிச் சோறு தட்டில் கிடந்தது. அக்கா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதும் அதே யோசனை. தப்பு செய்யாதவர் என்றால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரே? ஏன் சொல்லவில்லை?

மார்ச் 10, திங்கள்

அக்கா போன் செய்தாள். இரண்டே வாக்கியம். "யார்டுக்காரன் கேட்டான், பொறுத்துக்கிட்டார். நீ கேட்டத அவரால பொறுக்க முடியல." வைத்துவிட்டாள். திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "ஒன்னும் ஒன்னும் ரெண்டுன்னு சொன்னாக்கூட நீ சாட்சி கேக்கற ஆளு. வேற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டிருக்கலாம். அவர் சோத்துல கை வச்சிருக்கும்போதா கேப்ப?"

"உண்மையைக் கண்டுபிடிக்கத்தானே கேட்டேன்?"

"கண்டுபிடிச்சியா?"

போய்ப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

குட்டு வெளிப்பட்டது. அத்தானுடையது அல்ல, என்னுடையது.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை. அவர் முகம் சிரிப்பில்லாமல் வேறு யாரோ போல இருந்தது. "அந்த கிரேன் ஆபரேட்டர் உங்க அக்கா வீட்டுக்காரராமே? ஏன் மறைச்சீங்க?"

மறைக்கவில்லை சார், சொல்லவில்லை என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"நாளைக்கு யார்டுக்காரன் கேப்பான். சொந்தக்காரி சோதிச்சதை எப்படி நம்பறதும்பான். இதுல இனிமே நீங்க கை வைக்காதீங்க. நிரல்ல எதையும் மாத்தக் கூடாது. புது மாடலுக்கு ஆபரேட்டர் கையேடு எழுதணும்னு ரொம்ப நாளா கிடக்கு, அதை எழுதுங்க."

கையேடு! 'பச்சைப் பொத்தானை அழுத்தவும்.' பூதக்கண்ணாடிக்கு நல்ல வேலை.

யார் சொல்லியிருப்பார்கள்? தாடிதான். விபத்தன்று போனில் அக்காவிடம் பேசும்போது பின்னால் நின்றார். பேசாத ஆட்களே இப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் போய்ப் பேசுவார்கள்.

மார்ச் 14, வெள்ளி

தாடி காபி எடுத்து வந்து என் மேஜையில் ஒன்று வைத்தார். இதுவரை வைத்ததே இல்லை. குற்ற உணர்ச்சி! ஆறவிட்டுக் கொட்டினேன், அவர் பார்க்கும்படியாகவே.

மாலை. வரவேற்பில் இருக்கிற பெண் சொன்னாள்: "மேடம், புதன்கிழமை உங்க அக்கா வந்திருந்தாங்களே, பாத்தீங்களா? மேனேஜரைப் பாக்கணும்னு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. அழுதாங்க பாவம்."

அக்கா வந்தாளா? என் ஆபீசுக்கு, என்னிடம் சொல்லாமல். புருஷனுக்காகக் கெஞ்ச. 'என் தங்கச்சியே இங்கதான் வேலை பாக்கறா' என்று சொல்லியிருப்பாள். தங்கை நியாயம் கேட்பாள் என்ற நம்பிக்கை போனதால்தான் நேரில் வந்திருக்கிறாள்.

அந்தக் காபி சும்மா காபிதான் போலிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

கையேடு. ஏழாம் பக்கம். 'இரு கொக்கிகளின் மொத்தப் பாரம் அளவை மிஞ்சினால் திரை முழுவதும் சிவந்து, அலாரம் ஒலிக்கும்.' பக்கத்தில் ஒரு படம் வேண்டும், சிவந்த திரையின் படம்.

சோதனை அறையில் கிரேன் கேபினில் வைக்கிற அதே கருவி ஒன்று இருக்கிறது. கொக்கிக்குப் பதிலாக ஒரு திருகு. அதைத் திருகினால் பாரம் ஏறுவதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு திருகுதான். இரண்டாம் கொக்கிக்கு யாரும் மாட்டியதே இல்லை. அதைத்தான் கம்ப்யூட்டரிலேயே சோதனை ஓட்டுகிறோமே என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஆபீசில் கருவிக்கு ஒயர் மாட்டுகிற எலக்ட்ரானிக்ஸ் அக்காவிடம் போய்ப் படத்துக்காக இன்னொரு திருகு கேட்டேன். "ஒரு போட்டோவுக்கு இவ்ளோ வேலையா? நீ கையேடு எழுதினாலும் உயிரை வாங்குவியே!" என்று முனகிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார்.

ஒன்றை அறுபதில் வைத்தேன். இன்னொன்றை மெல்லத் திருகினேன். முப்பது. நாற்பது. திரையில் மொத்தப் பாரம் காட்டுகிற ஊசி சிவப்புக் கோட்டில் போய் நின்றது. நூறு. இன்னும் திருகினேன், ஐம்பத்தைந்து வரை.

நூறு.

திரை சிவக்கவில்லை. சத்தம் இல்லை. எண்பது வரை திருகினேன். நூறு என்றே காட்டிக்கொண்டு கம்மென்று நின்றது. ஒரு திருகை மட்டும் நூறுக்கு மேல் ஏற்றினேன், காது கிழியக் கத்தியது. இரண்டையும் சேர்த்தேன், ஊமை.

"என்னடி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் எலக்ட்ரானிக்ஸ் அக்கா.

அத்தான் 'இல்லை' என்று சொல்லவில்லை என்றுதானே குறைப்பட்டேன்? அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அது கத்தவே இல்லை. அதைவிட எத்தனை தெளிவாய் ஒரு மனுஷன் சொல்வான்? ஐயோ, என் புத்தியை எதால அடிக்கிறது!

மார்ச் 18, செவ்வாய்

மாற்றத்தான் தடை. படிக்கத் தடையில்லை. கையேட்டை ஒரு ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு நிரலைப் படித்தேன்.

மொத்தம் போடுகிற இடம் ஒரே வரி. முதல் கொக்கி + இரண்டாம் கொக்கி. அந்த வரியை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அதில் என்ன தவறு இருக்க முடியும்? கூட்டல் குறி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த குறி.

அந்த வரி ஓர் அச்சுக்குள் இருக்கிறது, டெம்ப்ளேட் என்போம். இன்ன வகைச் சரக்கு வரும் என்று அதில் சொல்லியிருக்காது. எதைக் கொடுத்து அழைக்கிறோமோ, அதைப் பார்த்து, நாம் எழுதியதை மிஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலரே வகையை ஊகித்து, அந்த வகைக்கென்று தனியாக ஒன்றை வார்த்துக்கொள்ளும். எண்ணைக் கொடுத்தால் எண்ணுக்கு, வேறொன்றைக் கொடுத்தால் வேறொன்றுக்கு. எழுதியது ஒரு வரி, உள்ளே ஓடுவது பல.

அப்படியானால் சோதனையில் எதை ஊகித்தது? கிரேனில் எதை ஊகித்தது? நேராகக் கேட்டால் சொல்லாது. வாயைப் பிடுங்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று அச்சு ஒன்றை வைத்து, 'நீ ஊகித்த வகையில் இதைச் செய்து கொடு' என்று கேட்க வேண்டும். கம்பைலருக்குக் கோபம் வந்துவிடும். 'இன்ன வகையில் இதைச் செய்ய முடியாது' என்று திட்டும். திட்டுகிற வேகத்தில் வகையின் பெயரை உளறிவிடும். என் சொந்தக் கணினியில் ஒரு நகல் எடுத்து அப்படிச் செய்தேன்.

சோதனை ஓடும்போது: வெறும் தசம எண்.

கிரேனில் ஓடும்போது: பாரம்.

பாரம் என்பது நாங்களே செய்துகொண்ட வகை. இந்த மொழியில் நாம் செய்த வகைக்குக் கூட்டல் என்றால் என்ன, பெருக்கல் என்றால் என்ன என்று நாமே சொல்லித்தரலாம். போய்ப் பார்த்தேன். பாரத்துக்குச் சொல்லித்தந்திருந்த கூட்டல் இதுதான்: இரண்டையும் சேர், நூறைத் தாண்டினால் நூறிலேயே நிறுத்து.

அறுபதும் ஐம்பத்தைந்தும் நூறு. எண்பதும் எண்பதும் நூறு. நூறை மிஞ்சினால்தான் அலாரம். அந்தக் கூட்டலில் எதுவும் எந்த ஜன்மத்திலும் நூறை மிஞ்சாது. ஒற்றைக் கொக்கியில் கூட்டலுக்கே வேலையில்லை, அதனால் அது ஒழுங்காகக் கத்துகிறது. சோதனையில் கொடுத்தது வெறும் எண், அதனால் ஒழுங்கான கூட்டல், ஒழுங்கான நூற்றுப் பதினைந்து, ஒழுங்கான பச்சை. நாங்கள் இத்தனை காலம் சோதித்தது கிரேனில் ஓடாத ஒரு கூட்டலை.

கம்பைலரும் என்னைப் போல ஊகிக்கிற ஜாதிதான். அது இரண்டு இடத்திலும் சரியாக ஊகித்திருக்கிறது. நான் ஒரு இடத்தில்கூடச் சரியாக ஊகிக்கவில்லை. பாலைச் சந்தேகப்பட்டேன், சிரிப்பைச் சந்தேகப்பட்டேன், அத்தானை, தாடியை, ஒரு கோப்பைக் காபியை. இதைச் சந்தேகப்படவில்லை.

அந்தக் கூட்டலை எழுதியவர் தாடி.

இப்போது புரிகிறது ஏன் திரையை மூடினார் என்று. தெரிந்தே இருந்திருக்கிறார். தெரிந்தே!

மார்ச் 19, புதன்

கேட்கப் போனேன். அத்தானைக் கேட்ட மாதிரி கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றும் கேட்காமல் சோதனை அறைக்கு வரச் சொன்னேன். இரண்டு திருகையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.

திருகினார். நூறு. திருகினார். நூறு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தவர் முகம் இப்படி ஆகாது. நடிக்கிறாரா? இல்லை. காதுவரை வெளுத்துப்போவதை யாராலும் நடிக்க முடியாது.

"அது ஊசிக்காக எழுதினதும்மா," என்றார். "சென்சார் பைத்தியம் பிடிச்சு எதாவது நம்பர் குடுத்தா ஊசி திரையை விட்டே வெளிய ஓடும். அதான் நூறுல நிறுத்தினேன். அப்ப அந்தக் கூட்டலை ஊசி மட்டும்தான் பயன்படுத்துச்சு."

மொத்தம் போடும் அச்சு அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. எழுதியவள் இப்போது வேறு கம்பெனியில். அவளும் தப்பாக எழுதவில்லை. எந்த வகை வந்தாலும் கூட்டும்படி எழுதினாள், கூட்டல் என்றால் கூட்டல்தான் என்று நம்பி. இவர் ஊசிக்கு நல்லது செய்தார், அவள் எல்லோருக்கும் நல்லது செய்தாள். இரண்டு நல்லதும் சேர்ந்து லாரி மேல் விழுந்தது.

"விபத்து அன்னிக்கே எனக்கு மனசு உறுத்துச்சு," என்றார். "என் கூட்டலை எடுத்துப் படிச்சேன். சரியா இருந்துச்சு. அந்த அச்சைப் படிச்சேன். அதுவும் சரியா இருந்துச்சு. டெஸ்ட் பச்சை. நீங்க வந்தீங்க, மூடிட்டேன். உறுதியா தெரியாம உங்ககிட்ட என்ன சொல்றது? நீங்க சும்மாவே…" முடிக்கவில்லை.

சும்மாவே பூதக்கண்ணாடி. தெரியும் சார்.

அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு இது.

மார்ச் 20, வியாழன்

மேனேஜர், தாடி, நான். கதவு சாத்தியிருந்தது.

மேனேஜர் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார். "உங்க அத்தானைக் காப்பாத்த நீங்களே மாத்தி வச்சிருந்தா?" கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோற்றில் கை வைத்திருக்கும்போது கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வாயே எழவில்லை எனக்கு.

தாடிதான் பேசினார். "அந்தக் கூட்டலை எழுதினது நான் சார். அவங்க இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு சிரித்தார், அதே சிரிப்பு. "சரி, திருத்திடுவோம். அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம போயிடட்டும். யார்டு விசாரணை இந்த மாசம் முடிஞ்சிடும். அது முடியட்டும், அப்புறம் நிதானமா வெளிய சொல்லலாம்."

விசாரணை முடிவதென்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தானை முடிப்பது. "அவர் பொழப்பே போயிடும் சார். ரெண்டு பொண்ணுங்க இருக்கு. வேற ஒன்னும் தெரியாது சார் அவருக்கு!" கத்திவிட்டேன்.

"அதான் சொன்னேன், நீங்க சொந்தக்காரங்க, உங்களால…"

தாடி எழுந்தார். "இவங்களுக்குச் சொந்தக்காரங்க. எனக்கு யாருமில்ல. நான் சொல்றேன். இந்தக் கருவி மாட்டின கிரேன் இப்பவும் எங்கயோ ரெண்டு கொக்கில தூக்கிக்கிட்டு நிக்குது. அதுக்குக் கீழ நிக்கிற லாரிக்காரரும் டீ குடிக்கப் போயிருப்பாரா? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க எல்லா யார்டுக்கும் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்வேன். அப்புறம் வேலையை விட்டு எடுக்கணும்னா எடுத்துக்குங்க."

ஒரு வருஷத்து வார்த்தைகளை ஒரே நாளில் செலவழித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அறிவிப்பு போனது. இரண்டு கொக்கியையும் சேர்த்துத் தூக்காதீர்கள், கருவியில் கோளாறு.

மார்ச் 21, வெள்ளி

காபி நான் எடுத்துப் போய் வைத்தேன். குடித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இல்லை. இல்லையா, நான் வருகிறேன் என்று தெரிந்து போய்விட்டாரா? கேட்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். வகை, அச்சு, ஊகம் எல்லாம் அவளுக்குத் தேவையில்லை. அறுபதும் ஐம்பத்தைந்தும் நூறு என்று அந்த மிஷின் நம்பிக்கொண்டிருந்தது என்றேன். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப தப்பு அந்தக் கூட்டல்ல."

"ஆமாக்கா. அதைப் போய் யாரு சந்தேகப்படுவா?"

மடித்த துணியைக் கட்டில்மேல் வைத்தாள். "கரெக்டு. கூட்டலை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கூடப் பழகின மனுஷனைத்தான் சந்தேகப்படுவாங்க. உன் கல்யாணத்துக்கு மண்டபத்துல நாற்காலி தூக்கிப் போட்டாரே, அந்த மனுஷனை."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அழுதேன். அவளும் அழுதாள். சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். கிளம்பும்போது தலையைத் தடவி, "அவர்கிட்ட நான் சொல்றேன். பேசறதும் பேசாததும் அவர் பாடு" என்றாள்.

மார்ச் 26, புதன்

பாரத்தின் கூட்டலை ஒழுங்காகக் கூட்டும்படி மாற்றி, எல்லா யார்டுக்கும் அனுப்பிவிட்டோம். நூறில் நிறுத்துகிற வேலை இனி ஊசி வரைகிற இடத்தில் மட்டும். சோதனைகளில் வெறும் எண்ணைக் கொடுக்க முயன்றால் கம்பைல் ஆகவே ஆகாது. உண்மையான பாரத்தைத்தான் கொடுக்க வேண்டும். மேனேஜர் என்னை மறுபடி சோதனைக்கே மாற்றிவிட்டார், சிரித்துக்கொண்டே.

பஸ்ஸில் திடீரென்று ஒரு எண்ணம். கருவி ஊமை, சரி. அன்றைக்கு அத்தான் துணியும் வைத்திருந்தால்? இரண்டுமே நடந்திருக்கலாமே?

ச்சீ. என்ன பிறவி நான்?

ஏப்ரல் 2, புதன்

விசாரணை முடிந்தது. ஆபரேட்டர் மேல் தவறில்லை. திங்கள் முதல் வேலைக்கு வரலாம்.

அக்கா போனில் சிரித்தாள். பின்னால் மகள்கள் சண்டை போடுகிற சத்தம், காதுக்கு அத்தனை நிம்மதி. "அத்தான்கிட்ட குடுக்கறியாக்கா?" என்றேன். போனைக் கையால் மூடி யாரிடமோ கிசுகிசுத்தாள். "குளிக்கறார்டி" என்றாள்.

அது பொய். கண்டுபிடிக்க எந்தக் கண்ணாடியும் வேண்டியதில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அத்தான். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு போனும் வந்ததில்லை. சீப்பு தலையிலேயே நிற்க எடுத்தேன்.

"அத்தான்?"

பேச்சில்லை. காற்று இரைந்தது, பின்னால் எஞ்சின். மேலே கேபினில் இருக்கிறார் என்று புரிந்தது. யாரோ கீழேயிருந்து "டெஸ்ட் பாரம் ரெண்டுலயும் மாட்டியாச்சு, தூக்குங்க" என்று கூவியது கேட்டது. எஞ்சின் உறுமல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

பிறகு கத்தியது. அம்மாடி, என்ன கத்தல்! போனைக் கருவியின் வாயிலேயே வைத்திருக்கிறார் போல. எனக்குக் காது அடைத்துவிட்டது. எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தேன். நிறுத்துகிற வரை கத்தியது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தான்."

"ம்." கொஞ்சம் காற்று. "நல்லா கத்துது. சரிம்மா, வேலை இருக்கு."

வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் அறை வாசலில் நின்றார். "யாரு?"

"அத்தான்."

"என்ன சொன்னார்?"

"ஒன்னும் சொல்லல," என்றேன். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டும் இருந்ததால் அவர் நம்பவில்லை.